பிள்ளைகளின் புத்தியை அளந்த பினே

பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. ஆசிரியர் சலித்துப்போகிறார். பையனுக்கு மூளை வளரவில்லை என்று ஒரு சீட்டு எழுதுகிறார். அந்தச் சீட்டோடு பையனின் படிப்பு முடிந்துவிடுகிறது.

சீட்டில் எழுதியது சரிதானா? சோதித்துப் பார்த்தார்களா? சோதித்தவர் யார்? பெற்றவர்களுக்குத் தெரியுமா?

1904-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு சர்க்காரின் முன் இந்தக் கேள்விகள் வந்து நின்றன. விடை தேடப் புறப்பட்டவர் ஆல்பிரட் பினே. பள்ளிப் பிள்ளைகளின் புத்தியைச் சோதிக்கும் முறைக்கு வழி வகுத்தவர் அவர்தான்.

பினே பிரெஞ்சு சர்வகலாசாலை எதிலும் பேராசிரியர் பதவி வகித்ததில்லை. மனோதத்துவத்தை அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குருவும் கிடையாது. தானே படித்தார். தவறினார். தவற்றை ஒப்புக்கொண்டார். மறுபடியும் தொடங்கினார்.

தாய் வளர்த்த பிள்ளை

பினே பிறந்தது 1857 ஜூலை 8-ந் தேதி. ஊர் நீஸ். மத்தியதரைக் கடல் ஓரத்தில் உள்ள அழகான நகரம். அப்போது அது பிரான்சைச் சேர்ந்ததல்ல. சார்டீனியா ராஜ்யத்தில் இருந்தது. பினேக்கு மூன்று வயது ஆகும்போது, 1860-ல், பிரான்சுடன் சேர்ந்தது.

தகப்பனார் டாக்டர். தாயார் ஓவியம் தீட்டுபவர். பிள்ளை சிறுவனாக இருந்தபோதே இருவரும் பிரிந்துவிட்டார்கள். பினேயை வளர்த்து ஆளாக்கியவர் தாயார்தான்.

தகப்பனாரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பையன் பயந்த சுபாவம் உடையவன். பயத்தைத் தெளிய வைக்க, தகப்பனார் அவனை ஒரு பிணத்தைத் தொடச் சொன்னாராம். பயம் தெளியவில்லை. கூடியது! கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பிற்காலத்தில் பினே குழந்தைகளைச் சோதித்த முறையில் மிரட்டலுக்கு இடமே கிடையாது.

தாயார் மகனைப் பாரிசுக்கு அழைத்துப்போய், லூயி-ல-கிராண் என்ற பெயர்பெற்ற பள்ளியில் சேர்த்தார். பிறகு சட்டம் படித்தார் பினே. 1878-ல் தேறினார். கோர்ட்டுப் பக்கம் மனம் போகவில்லை. வைத்தியம் படிக்கத் தொடங்கினார். அதையும் விட்டார்.

பாரிசில் உள்ள தேசிய நூல் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தார். மனம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். அதுதான் தம் வழி என்று கண்டுகொண்டார். கையில் குடும்பச் சொத்து இருந்ததால் சாப்பாட்டுக் கவலை இல்லை. எல்லோருக்கும் கிடைக்கும் வசதியா இது?

காந்தம் செய்த வேடிக்கை

அந்த நாளில் பாரிசில் சால்பெத்ரியேர் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அதன் தலைமை டாக்டர் ஷார்கோ. உலகப் புகழ் பெற்றவர். நரம்பு நோய்க்காரர்களை ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்தி, பலர் பார்க்கச் சோதனை செய்து காட்டுவார்.

பினே அங்கே போய்ச் சேர்ந்தார். பெரே என்ற டாக்டருடன் சேர்ந்து காந்தத்தை வைத்துச் சோதனைகள் நடத்தினார். உறக்கத்தில் இருக்கும் பெண் வலது கையைத் தூக்குவாள். காந்தத்தை இடம் மாற்றி வைத்தால், வலது கை தாழும். இடது கை எழும். காந்தத்துக்கு இப்படி ஒரு சக்தி இருப்பதாக இருவரும் எழுதினார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று நம்பினார்கள்.

பெல்ஜியத்திலிருந்து டெல்பெஃப் என்ற அறிஞர் வந்து பார்த்தார். அவருக்கு விஷயம் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை அந்தப் பெண்ணின் எதிரிலேயே பேசிக்கொள்கிறார்கள்! அவளும் அவர்கள் எதிர்பார்ப்பதையே செய்கிறாள். காந்தத்துக்கு இதில் வேலை இல்லை.

பினே முதலில் வாதாடினார். சில ஆண்டுகள் சென்றபின் தவற்றை ஒப்புக்கொண்டார். ஊரறிய ஏற்பட்ட அவமானம். ஆனால் அதில் கிடைத்த பாடத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை. சோதிக்கிறவனின் முகம், குரல், விருப்பம் எல்லாம் சோதிக்கப்படுகிறவரின் பதிலில் ஏறிவிடும் என்பதே அந்தப் பாடம். 1900-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

இரண்டு குமாரிகள்

1884-ல் பினே மணம் புரிந்துகொண்டார். மணமகள் லோர். பால்பியானி என்ற விஞ்ஞானியின் மகள். 1885-ல் மதலேன் பிறந்தாள். 1887-ல் அலீஸ் பிறந்தாள்.

ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்த பினேயின் கண் தம் குழந்தைகள் மீது விழுந்தது.

மதலேன் நடக்கப் பழகும்போது நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். அடுத்துப் பிடிக்க ஏதாவது உண்டா என்று பார்த்துக்கொண்டுதான் காலை எடுத்து வைப்பாள். அலீஸ் அப்படி அல்ல. விழுவோமோ என்ற எண்ணமே இல்லாமல் அறையின் நடுவே தள்ளாடி ஓடுவாள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே வீட்டுச் சோறு. ஆனாலும் இரண்டு விதம்!

இரு குழந்தைகளுக்கும் சின்னச் சின்னச் சோதனைகள் வைத்தார். இரண்டு கோடுகளில் எது நீளம்? இரண்டு குவியல்களில் எதில் வில்லைகள் அதிகம்? குழந்தைகள் பெரியவர்களுக்குச் சளைக்காமல் பதில் சொன்ன கேள்விகளும் இருந்தன. குழந்தையின் புத்தி பெரியவர்களின் புத்தியிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, கண் கூர்மையையும் கை வேகத்தையும் அளந்து பயனில்லை என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

குமாரிகள் வளர்ந்த பிறகும் சோதனைகள் நடந்தன. 1903-ல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் மகள்களின் சொந்தப் பெயர் இல்லை. மார்கரீத், அர்மாந்து என்று பெயர் மாற்றி எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதித்தவரும் தகப்பனார். அனுமதி கொடுத்தவரும் தகப்பனார். பிள்ளையின் முகம் வாடினால் அவருக்கே தெரியும். அன்றைய சோதனையை அதோடு நிறுத்தவும் அவரால் முடியும். வெளியார் வீட்டுப் பிள்ளையைச் சோதிக்கும்போது இந்தக் காவல் எங்கே இருக்கிறது?

சம்பளம் இல்லாத வேலை

1891-ல் ரூவான் நகர ரயில் நிலையத்தில் போனிஸ் என்ற அறிஞரைப் பினே சந்தித்தார். போனிஸ் பாரிசில் சோர்போன் கலாசாலையின் மனோதத்துவச் சோதனைச் சாலைக்குத் தலைவர். தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி பினே கேட்டார். சம்பளம் வேண்டாம் என்றார். போனிஸ் சம்மதித்தார். 1894-ல் பினேயே அதன் தலைவர் ஆனார். அப்போதும் சம்பளம் கிடையாது.

சதுரங்க வீரர்களின் ஞாபக சக்தியை ஆராய்ந்தார். மனக்கணக்குப் புலிகளை ஆராய்ந்தார். பூச்சிகளின் நரம்புகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். இவற்றுக்கு நடுவே பயங்கர நாடகங்கள் எழுதுவதிலும் அவருக்கு ஆசை! ஆந்திரே த லோர்து என்ற நாடக ஆசிரியருடன் சேர்ந்து அவர் எழுதிய நாடகங்கள் பாரிஸ் மேடையில் நடந்தன.

மண்டையின் அளவை வைத்துப் புத்தியைச் சொல்லலாம் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பலர் நம்பினார்கள். பினேயும் நம்பினார். பள்ளிக்கூடங்களுக்குப் போய், கெட்டிக்காரப் பிள்ளைகளின் தலையையும் மந்தமான பிள்ளைகளின் தலையையும் அளந்தார். வித்தியாசம் மிக அற்பமாக இருந்தது. அந்த அற்ப வித்தியாசமும் தம் ஆசையால் வந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு மறுபடியும் அளந்தார். கடைசியில் அந்த வழியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

காந்தம் சூடு போட்ட கை அல்லவா!

கட்டாயக் கல்வி

பிரான்சில் 1881, 1882-ம் ஆண்டுகளில் புதிய கல்விச் சட்டங்கள் வந்தன. கொண்டுவந்தவர் ழூல் பெரி என்ற மந்திரி. ஆரம்பக் கல்வி இலவசம் ஆயிற்று. 6 வயது முதல் 13 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் படித்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பள்ளிக்கு வந்தார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகளும் வந்தார்கள். முன்பு இவர்கள் வயலிலும் பட்டறையிலும் இருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. இப்போது வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

இவர்களை என்ன செய்வது? பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு வைத்து அங்கே அனுப்பலாம் என்றார்கள் சில டாக்டர்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டியே தனி வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் பினே. குழந்தைகளின் மனத்தை ஆராய்வதற்காக 1899-ல் ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. ஆசிரியர்களும் அறிஞர்களும் அதில் அங்கத்தினர்கள். பினே அதில் சேர்ந்து உழைத்து, தலைவராகவும் ஆகியிருந்தார்.

1904-ல் கல்வி மந்திரி ஒரு கமிஷனை நியமித்தார். தலைவர் லியோன் பூர்ஷ்வா. பின்னாளில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். பினேக்கும் கமிஷனில் இடம் கிடைத்தது.

கமிஷன் ஒரு நல்ல முடிவு செய்தது. மந்த புத்தி என்ற சந்தேகத்தின் பேரில் எந்தப் பிள்ளையையும் சாதாரணப் பள்ளியிலிருந்து அப்படியே எடுத்துவிடக் கூடாது. முதலில் சோதிக்க வேண்டும்.

முடிவு நல்லதுதான். சோதிப்பது எப்படி என்பதை மட்டும் கமிஷன் சொல்லவில்லை!

ஒரு பிள்ளை, மூன்று பெயர்

பினே ஆஸ்பத்திரிச் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தார். திகைத்துப்போனார். ஒரே பிள்ளைக்குச் சில நாள் இடைவெளியில் வெவ்வேறு டாக்டர்கள் வெவ்வேறு பெயர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு முழு மூடன். இன்னொருவருக்கு அரை மூடன். மற்றொருவருக்குக் கொஞ்சம் மந்தம். பார்த்த மாத்திரத்தில் எழுதிய தீர்ப்புகள்!

ஆசிரியர்களையும் அவர் முழுதாக நம்பவில்லை. துஷ்டப் பையனைத் தொலைத்துத் தலை முழுக நினைக்கும் ஆசிரியர் அவனை மந்த புத்தி என்று எழுதிவிடலாம். பெற்றோரையும் அவர் அப்படியே நம்பிவிடவில்லை. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. பிள்ளையை எங்காவது தள்ளிவிடப் பார்ப்பவர்களும் உண்டு.

ஆகவே, யார் சோதித்தாலும் ஒரே மாதிரி விடை வரும் அளவுகோல் ஒன்று வேண்டும். பினே அதைச் செய்ய உட்கார்ந்தார். துணைக்கு வந்தவர் தியோடர் சிமோன் என்ற இளம் டாக்டர்.

முப்பது சோதனைகள்

1905-ல் அளவுகோல் வெளியாயிற்று. அதில் இருந்தவை 30 சோதனைகள். எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறிப்போகும்.

எரியும் தீக்குச்சியை நகர்த்தினால் குழந்தையின் கண் கூடவே போகிறதா? இது முதல் படி. சாக்லேட்டையும் அதே அளவு மரத்துண்டையும் கொடுத்தால், தின்பது எது என்று தெரிகிறதா? மூன்று எண்களைச் சொன்னால் திருப்பிச் சொல்கிறதா? ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வித்தியாசம்? ஐந்து சிறு பெட்டிகள். பார்வைக்கு ஒரே மாதிரி. எடை மட்டும் 3, 6, 9, 12, 15 கிராம். கையில் தூக்கிப் பார்த்து வரிசையாக வைக்க முடியுமா?

எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் பதில் சொல்லலாம் என்ற கேள்விகளைப் பினே ஒதுக்கப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கற்ற பாடத்தை அளக்க அவர் விரும்பவில்லை. நிதானத்தையும் யோசனையையும் அளக்க விரும்பினார்.

1908-ல் அளவுகோலைத் திருத்தினார். சுமார் 200 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து, 3 வயது முதல் 13 வயது வரை ஒவ்வொரு வயதுக்கும் உரிய கேள்விகளைப் பிரித்து வைத்தார். 3 வயதுக் குழந்தை மூக்கையும் கண்ணையும் வாயையும் தொட்டுக் காட்ட வேண்டும். 9 வயதுப் பிள்ளை கடைக்காரரைப் போல மீதிச் சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டும். 9 வயதுப் பையன் 7 வயதுக்கு உரிய கேள்விகளோடு நின்றுவிட்டால், இரண்டு வருஷம் பின்தங்கியிருக்கிறான் என்று பொருள்.

பின்தங்கியிருக்கிறான். அவ்வளவுதான். ஏன் என்று அளவுகோல் சொல்லாது. இனி எப்படி ஆவான் என்றும் சொல்லாது. பினே இதைத் திரும்பத் திரும்ப எழுதினார்.

வாய் திறக்காத சாட்சி

சோதிக்கும் முறைக்கும் அவர் விதிகள் வகுத்தார்.

அமைதியான அறை வேண்டும். பிள்ளையை அன்பாக வரவேற்க வேண்டும். கூச்சப்பட்டால் தைரியம் சொல்ல வேண்டும். விளையாட்டுப் போல் தோன்றும் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. உறவினரோ பள்ளித் தலைவரோ யாராக இருந்தாலும் சரி. ஆனால் அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது!

காரணம் புரிகிறது. பதில் தெரியாமல் பிள்ளை விழித்தால் தாய் மனம் பொறுக்குமா? உதடு தானே அசையும். அளவு கெட்டுவிடும். சால்பெத்ரியேரில் பட்டவருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் சோதனை தொடங்குவதற்கு முன்னால்? பிள்ளையைச் சோதிக்கலாமா, வேண்டாமா என்று பெற்றவரைக் கேட்டு வீட்டிலிருந்து கையெழுத்து வாங்கி வரும் வழக்கம் அந்த நாளில் இல்லை. பள்ளிக்குள் நுழைய அதிகாரிகளின் அனுமதி போதும். ஏழைக் குடியானவனும் பட்டறைத் தொழிலாளியும் சர்க்கார் மனிதரை எதிர்த்துக் கேள்வி கேட்கிற காலமா அது?

மூக்குக் கண்ணாடியும் தண்ணீர்க் கிண்ணமும்

1905-ல் பாரிசில் கிராஞ்ச்-ஓ-பெல் தெருவில் உள்ள ஆரம்பப் பள்ளியில் ஒரு சோதனைச் சாலையைப் பினே திறந்தார். தலைமை ஆசிரியர் வானே அவருக்குத் தோழர்.

படிப்பு ஏறாத பிள்ளைகளின் கண் பார்வையையும் அங்கே கவனித்தார்கள். ஆசிரியரே பார்வையைச் சோதிக்கும்படி எழுத்துகள் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தயாரித்தார் பினே. கரும்பலகையில் எழுதியது கண்ணுக்குத் தெரியாத பிள்ளை எப்படிப் படிக்கும்? அதற்கு வேண்டியது மூக்குக் கண்ணாடி. மந்த புத்தி என்ற பட்டம் எதற்கு?

தனி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பினே சொன்ன பயிற்சிகள் வேடிக்கையாக இருக்கும். ஆசிரியர் சைகை காட்டியதும் எல்லோரும் சிலைபோல அசையாமல் நிற்க வேண்டும். விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தைச் சிந்தாமல் எடுத்துப்போக வேண்டும். கவனம், நிதானம், பொறுமை இவற்றை முதலில் பழக்கினார்கள். எழுத்தும் கணக்கும் பிறகு வந்தன. வளைந்த கால்களை வைத்தியர் நிமிர்த்துவதுபோல் மனத்தையும் நிமிர்த்தலாம் என்பது பினேயின் நம்பிக்கை.

ஒருவனுடைய புத்தி பிறவியில் அளந்து ஊற்றியது, அது கூடவே கூடாது என்று சொன்னவர்கள்மேல் அவருக்குக் கோபம் வந்தது. 1909-ல் வெளியான தம் புத்தகத்தில் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார்.

அவர் கண்ணுக்குத் தப்பாத இன்னொன்றும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரில் இரண்டு அறிஞர்கள் பினேயின் அளவுகோலை வைத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பாரிசின் ஏழைப் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகள் சுமார் ஒன்றரை வருஷம் முன்னால் இருந்தார்கள். ஆகவே, வீட்டு வசதியும் வீட்டில் பேசும் பேச்சும் அளவுகோலில் ஏறுகின்றன என்று பினே கண்டார். இதை மறைக்கவில்லை. எழுதி வெளியிட்டார்.

நாற்காலி போட்ட சட்டம்

1909 ஏப்ரல் 15-ந் தேதி பிரான்சில் ஒரு சட்டம் நிறைவேறியது. பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகளும் தனிப் பள்ளிகளும் ஏற்படுத்தும் சட்டம். பூர்ஷ்வா கமிஷனின் உழைப்பிலிருந்து பிறந்தது.

எந்தப் பிள்ளை தனி வகுப்புக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி. அதில் பள்ளி இன்ஸ்பெக்டர் ஒருவர், தனி வகுப்பின் தலைவர் அல்லது ஆசிரியர் ஒருவர், டாக்டர் ஒருவர். இந்த மூவரும் பிள்ளையைச் சோதிக்கும்போது, குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைத் தவறாமல் அழைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது.

பெற்றவர்களுக்கு அறையில் ஒரு நாற்காலி கிடைத்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அழைப்பு வேறு, அனுமதி வேறு. கல்யாணத்துக்கு அழைப்பவர், கல்யாணம் நடத்தலாமா என்று கேட்பதில்லை அல்லவா?

இரண்டு வருஷம் கழித்து, 1911-ல், அளவுகோலை மீண்டும் திருத்தினார் பினே. அதுவே கடைசித் திருத்தம். அந்த ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி பாரிசில் காலமானார். வயது 54. அவர் தலைவராக இருந்த சங்கம் 1917-ல் அவருடைய பெயரையே சூட்டிக்கொண்டது.

கடல் கடந்த அளவுகோல்

அளவுகோல் மட்டும் நிற்கவில்லை. பினே உயிரோடு இருந்தபோதே அது கப்பலேறிவிட்டது.

1908-ல் ஐரோப்பாவுக்கு வந்த கோடார்டு என்ற அமெரிக்க அறிஞர், அளவுகோலைத் தம் ஊருக்குக் கொண்டுபோய் ஆங்கிலத்தில் வெளியிட்டார். புத்தி பரம்பரையாக வருவது என்பது அவர் கட்சி. பினே எதை எதிர்த்தாரோ அதற்கே பினேயின் கருவி உதவிக்குப் போனது!

ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் அறிஞர் 1912-ல் ஒரு வகுத்தல் கணக்குச் சொன்னார். சோதனையில் வந்த வயதை உண்மை வயதால் வகுக்க வேண்டும். 1916-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டெர்மன் என்பவர் அதை 100-ஆல் பெருக்கி, பெரிய அளவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஐ.க்யூ. என்று உலகமெல்லாம் சொல்வது இந்த எண்ணைத்தான். இந்தியாவில் வி. வி. காமத் என்பவர் 1934-ல் மராத்தி, கன்னடப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி பினேயின் சோதனையை அமைத்தார். அது பினே-காமத் சோதனை என்ற பெயரில் பல ஆண்டுகள் வழங்கியது.

பிள்ளையின் நெற்றியில் ஒரு எண்ணை ஒட்டுவது பினேயின் நோக்கத்துக்கே துரோகம் என்பது சிமோனின் கருத்து. 1961 வரை உயிர் வாழ்ந்த அவர் கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளியில் சோதிக்கப்பட்டார்கள். எண் குறைந்தால் தனி வகுப்பு. பெற்றவர்களின் நாற்காலி மட்டும் கப்பலில் ஏறவில்லை. அங்கே பெற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

எந்த மொழியில் சோதனை?

1970. கலிபோர்னியா மாகாணத்தில் மாண்டரே ஜில்லா. மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். பள்ளியில் சோதித்தது ஆங்கிலத்தில்! மந்த புத்தி என்று எழுதித் தனி வகுப்பில் போட்டுவிட்டார்கள்.

ஸ்பானிஷ் தெரிந்தவர் மறுபடியும் சோதித்தபோது, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல என்று தெரிந்தது. வழக்கு ராஜியில் முடிந்தது. இனிமேல் பிள்ளையின் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது.

மௌனம் சம்மதமா?

பென்சில்வேனியா மாகாணத்தில் நாரிஸ்டவுன் என்ற ஊர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பிற்காலத்தில் போதை மருந்துக்கு அடிமையாகக் கூடியவர்கள் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கப் போவதாக அதிகாரிகள் ஒரு திட்டம் போட்டார்கள். பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்வது திட்டம். சிறுவயதில் உறங்கப் போகும்போது பெற்றோர் கட்டி முத்தமிட்டார்களா என்றுகூட அதில் ஒரு கேள்வி!

பெற்றோருக்குக் கடிதம் போயிற்று. ஆட்சேபம் இருந்தால் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு தாய் இதை ஏற்கவில்லை. மகனுக்காக வழக்குத் தொடுத்தார். 1973-ல் தீர்ப்பு வந்தது. அந்தக் கடிதம் மாதம் ஒரு புத்தகம் விற்பவர்கள் அனுப்பும் விளம்பரம்போல இருக்கிறது என்று நீதிபதி கருதினார். நன்மையை மட்டும் சொல்லி, கெடுதலைச் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. போதைக்காரன் ஆகப்போகிறவன் என்று ஒரு பையனுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயரே அவனை அங்கே தள்ளிவிடலாம். நீதிபதி திட்டத்தை நிறுத்தினார்.

1975-ல் அமெரிக்க காங்கிரஸ் ஊனமுற்ற பிள்ளைகளின் கல்விக்காகச் சட்டம் செய்தது. அதை ஒட்டி வந்த விதிகளில், தனிக் கல்விக்காகப் பிள்ளையை முதன்முறையாகச் சோதிக்கும் முன் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது இடம் பெற்றது.

பெற்றவர் கேட்டும் கிடைக்காத சோதனை

கதை இதோடு முடிந்திருந்தால் சுலபமாக இருக்கும். முடியவில்லை.

1971-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஆறு கறுப்பர் இனப் பிள்ளைகளின் சார்பில் வழக்கு வந்தது. புத்திச் சோதனையில் எண் குறைந்ததால் தனி வகுப்பில் போடப்பட்ட பிள்ளைகள் இவர்கள். கறுப்பர் இன மனோதத்துவ நிபுணர்கள் இவர்களை அன்பாக அழைத்து, புரியும் வார்த்தைகளில் கேட்டுச் சோதித்தார்கள். ஆறு பேரும் எல்லைக் கோடான 75-க்கு மேல் வந்துவிட்டார்கள்! பினே 1905-ல் எழுதிய விதிகளைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நீதிபதி பெக்காம் 1979-ல் தீர்ப்பளித்தார். கறுப்பர் இனப் பிள்ளைகளை அந்த வகுப்புகளில் போட இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்றார். 1986-ல் தடை இன்னும் இறுகியது. தனிக் கல்வி சம்பந்தமான எந்த நோக்கத்துக்காகவும் அவர்களுக்கு இந்தச் சோதனை வைக்கக் கூடாது. பெற்றவர் சம்மதித்தாலும் கூடாது!

மகனுக்குப் படிப்பில் ஏதோ தடங்கல் இருக்கிறது, சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்டு ஒரு தாய் வந்தார். பையனின் தகப்பனார் கறுப்பர். தாய் ஸ்பானிஷ் வம்சம். கறுப்பர் என்று பதிந்திருப்பதால் சோதிக்க முடியாது என்றார்கள். தாயின் இனத்தை மாற்றிப் பதிந்தால் சோதிக்கலாம் என்றும் சொன்னார்கள். மகனின் பிறப்பை மாற்றி எழுத அந்தத் தாய் மறுத்தார். வேறு சில பெற்றோரும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள்.

அன்று பிள்ளையைச் சோதிக்காதே என்று வந்தவர்களும் பெற்றவர்கள். இன்று சோதித்துச் சொல் என்று வந்தவர்களும் பெற்றவர்கள். இரண்டு வழக்கையும் கேட்டவர் அதே பெக்காம்! 1992-ல் அவர் தமது 1986-ம் ஆண்டுத் தடையைத் தாமே நீக்கினார். 1994-ல் மேல்கோர்ட்டு அதை உறுதி செய்தபோது அவர் உயிரோடு இல்லை.